மூக்கு வழியாகவா, மண்டையோட்டைத் திறந்தா? டியூபர்குலம் செல்லே மெனிஞ்சியோமாவுக்கு வழி தேர்வது எப்படி

எம்சிஎச்_மூன்றாமாண்டு:

வணக்கம். டியூபர்குலம் செல்லே மெனிஞ்சியோமாவுக்கு (பிட்யூட்டரி சுரப்பி இருக்கும் எலும்புக் குழியான செல்லாவின் முன்மேட்டில், மூளை உறையில் முளைக்கும் கட்டி) எந்த வழியில் போவது என்ற குழப்பம் எனக்கு இன்னும் தீரவில்லை. புத்தகத்தைத் திறந்தால் ‘இரண்டு வழியும் ஏற்றதே, அறுவை மருத்துவரின் அனுபவத்தைப் பொறுத்தது’ என்று முடித்துவிடுகிறார்கள். அந்த அனுபவம் உள்ளவர்கள் படத்தில் எதைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் தெரிய வேண்டும்.

பேச வசதியாக ஒரு மாதிரிக் கேஸ். 46 வயதுப் பெண். பார்வை மங்கத் தொடங்கி எட்டு மாதம். வலக்கண் 6/36, இடக்கண் 6/9 (இயல்பு 6/6), இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் புலம் குறைவு. எம்.ஆர்.ஐ.யில் கட்டி 2.6 x 2.4 x 2.2 செ.மீ., நடுக்கோட்டில். வலது ஆப்டிக் கேனாலின் (பார்வை நரம்பு போகும் எலும்புக் குழாய்) உள்-கீழ்ப்பக்கமாக 5 மி.மீ. வரை நுழைந்திருக்கிறது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியைத் தொடுகிறது, சுற்றவில்லை. முன் பெருமூளைத் தமனிகள் கட்டியின் மேலே வளைந்து போகின்றன. ஸ்பீனாய்டு சைனஸ் (மூக்கின் பின்னால், செல்லாவுக்குக் கீழே உள்ள காற்றறை) நன்றாகக் காற்றடைந்தது. ஹார்மோன்கள் இயல்பு.

கேள்விகள்: வழியை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? மூக்கு வழி என்றால் மூளைத்தண்டுவட நீர்க்கசிவை எப்படிக் கட்டுப்படுத்துகிறீர்கள்? டெரியோனல் (நெற்றியோரம் மண்டையோட்டைத் திறந்து மேலிருந்து போகும் வழி) என்றால் எந்தப் பக்கம்?

கீஹோல்:

உங்களுக்கும் கட்டிக்கும் நடுவில் நரம்பு இருக்கக் கூடாது. நரம்பு எந்த வழியில் கட்டிக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறதோ அதுதான் வழி. கட்டியின் அளவெல்லாம் இதற்கு அடுத்துதான்.

டியூபர்குலத்தில் முளைக்கும் கட்டி கயாஸ்மாவை (இரு பார்வை நரம்புகளும் சேரும் இடம்) மேலும் பின்னும் தள்ளும், இரண்டு பார்வை நரம்புகளையும் மேலும் பக்கவாட்டிலும் ஒதுக்கும். கீழிருந்து, அதாவது மூக்கு வழியாகப் போனால், எலும்பு, டூரா (மூளையின் கெட்டியான வெளியுறை), கட்டி, அதன் பின்னால்தான் நரம்பு. மேலிருந்து போனால் முதலில் கண்ணில் படுவது நரம்பு. அதைத் தாண்டி, இரு நரம்புகளுக்கு நடுவிலும் நரம்புக்கும் கரோட்டிட்டுக்கும் நடுவிலும் உள்ள சந்துகளில் கையை விட்டுக் கட்டியை எடுக்க வேண்டும். ஏற்கெனவே எட்டு மாதம் நசுங்கிய நரம்பு, உறிஞ்சுகுழாய் லேசாக உரசினாலும் தாங்காது. இன்னொன்று, கயாஸ்மாவுக்கும் பிட்யூட்டரிக்கும் ரத்தம் தரும் சுப்பீரியர் ஹைப்போஃபைசியல் தமனியின் மெல்லிய கிளைகள் கயாஸ்மாவின் அடிப்பக்கத்தில்தான் ஒட்டிக்கொண்டு போகின்றன. மேலிருந்து பார்க்கும்போது அவை மறைவில் இருக்கும், கீழிருந்து கண்ணெதிரே இருக்கும். மூக்கு வழியில் பார்வை மீள்வது கூடுதல் என்று பல ஒப்பீடுகள் சொல்வதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

ஆனால் கட்டி நரம்பின் மேலேறி வெளிப்பக்கம் போய்விட்டால் கணக்கு தலைகீழ். அப்போது கீழிருந்து வருபவருக்குத்தான் நரம்பு குறுக்கே நிற்கும். கேனாலின் வெளிப்பக்கம், முன் கிளினாய்டின் (கேனாலை ஒட்டி வெளிப்பக்கம் உள்ள எலும்பு முனை) மேலுள்ள டூரா, கரோட்டிட் பிரியும் இடத்துக்கு வெளியே உள்ள பகுதி, இவை எதுவும் மூக்கிலிருந்து எட்டாது. 45 டிகிரி எண்டோஸ்கோப் வைத்தால் தெரியும். தெரிவது வேறு, கருவியைக் கொண்டுபோய்ப் பத்திரமாக வெட்டுவது வேறு.

படத்தில் நான் பார்ப்பவை. கான்ட்ராஸ்ட் கொடுத்து, கொழுப்பு அடக்கி, 1 மி.மீ. தடிமனில் எடுத்த கொரோனல் (முன்னிருந்து பார்க்கும் வெட்டு) படம் இல்லாமல் கேனால் பற்றிப் பேசாதீர்கள். வழக்கமான தடிமனான வெட்டுகளில் கேனால் நுழைவு தவறிப்போகும். நுழைந்த பகுதி நரம்புக்கு உள்ளேயா, கீழேயா, மேலேயா, வெளியேயா என்று கடிகார முள் மாதிரி குறித்துக்கொள்ளுங்கள். சிஸ் (நீர் வெள்ளையாகத் தெரியும் மெல்லிய வெட்டு எம்.ஆர்.ஐ.) வரிசையில் நரம்பையே பார்க்கலாம். டி2 எம்.ஆர்.ஐ. படத்தில் தமனிகளின் கருப்பு வட்டத்தைப் பாருங்கள். கட்டி பாதிச் சுற்றுக்கு மேல் அணைத்திருந்தால் மூக்கு வழியில் முழுதாக எடுக்கும் ஆசையை விட்டுவிடலாம். கட்டியின் மேல்-பின் பக்கத்தில் இரு முன் பெருமூளைத் தமனிகளையும் இணைக்கும் முன் கம்யூனிகேட்டிங் தமனிக்கும் கட்டிக்கும் நடுவே மெல்லியதாக மூளைத்திசுவோ நீரோ தெரிகிறதா என்பதும் முக்கியம். ஃபிளேர் எம்.ஆர்.ஐ.யில் மூளையில் வீக்கம் இருந்தால் அரக்னாய்டு தளம் (கட்டியை மூளையிலிருந்து பிரிக்கும் மெல்லிய உறை) அங்கே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சி.டி.யில் எலும்பு: பிளேனம் (டியூபர்குலத்துக்கு முன்னால் உள்ள தட்டை எலும்பு) தடித்திருக்கிறதா, ஓனோடி அறை (பார்வை நரம்பை ஒட்டி வளர்ந்த காற்றறை) இருக்கிறதா, ஸ்பீனாய்டின் உள்தடுப்புகள் எங்கே போய் முடிகின்றன, முன் கிளினாய்டு காற்றடைந்திருக்கிறதா. கடைசியாகச் சொன்னது மேல்வழிக்காரர்களுக்கும் வேண்டும். சி.டி. ஆஞ்சியோவில் இரண்டு கரோட்டிட்களும் நடுக்கோட்டை நோக்கி நெருங்கிவந்திருந்தால் மூக்கு வழியின் வாசலே குறுகிவிடும்.

ஓ.சி.டி.யை (விழித்திரை அடுக்குகளை அளக்கும் படம்) மறக்க வேண்டாம். விழித்திரை நரம்பிழை அடுக்கு ஏற்கெனவே மெலிந்திருந்தால் எந்த வழியில் போனாலும் மீட்சி குறைவுதான். அதை முன்பே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் சொன்ன கேஸில் நுழைவு உள்-கீழ்ப்பக்கம், தமனி சுற்றப்படவில்லை, சைனஸ் தோது. என் வோட்டு மூக்குக்கு. இதே 2.6 செ.மீ. கட்டி கேனாலின் மேல்-வெளிப்பக்கம் போயிருந்தால் என் பதில் மாறியிருக்கும்.

சைனஸ்காரன்:

கீஹோல் சார் சொன்னதோட ஒத்துப்போறேன். மூடுற வேலையைப் பத்தி மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா கட்டியை எடுத்தவங்க சந்தோஷத்துல கை கழுவப் போற நேரத்துலதான் நம்ம வேலை ஆரம்பிக்குது. அதோட இந்தக் கேஸ்ல மூடுறதுக்கான வேலை முதல் வெட்டுலயே தொடங்கிடும்.

பொசிஷன்: மல்லாக்க, தலைப்பக்கம் 15 டிகிரி உயரம், கழுத்து 10–15 டிகிரி பின்னால. செல்லாவுக்குப் போறப்போ இவ்வளவு பின்னால சாய்க்கத் தேவையில்ல, பிளேனத்தைப் பார்க்கணும்னா தேவை. தொடையை முன்னாடியே சுத்தம் பண்ணி மூடி வையுங்க, ஃபேஸியா லேட்டாவும் (தொடைத் தசையை மூடற கெட்டி உறை) கொழுப்பும் அங்கேருந்துதான்.

நேசோசெப்டல் ஃபிளாப்பை (மூக்கு நடுச்சுவரான செப்டத்துலேருந்து ரத்தக் காம்போட உரிச்செடுக்கற சளிச்சவ்வு) எலும்பைத் தொடறதுக்கு முன்னாடியே எடுத்துடணும். 2006-ல ஹதாத், பஸ்ஸகஸ்டெகி குழு வெளியிட்ட இந்த ஃபிளாப் வந்தப்புறம்தான் பெரிய திறப்புகள்ல கசிவு அஞ்சு சதவீத அளவுக்கு இறங்குச்சு. அதுக்கு முன்னாடி வெறும் ஒட்டுத்திசுவை வெச்சு மூடினப்போ இந்த வழியே கைவிடப்படுற நிலைமையில இருந்துச்சு. ரத்தக் காம்பு போஸ்டீரியர் செப்டல் தமனி. ஸ்பீனாய்டு துளைக்குக் கீழ, கொயானா (மூக்கோட பின்வாசல்) வளைவுக்கு மேல, அந்த ஒரு பட்டைக்குள்ளதான் ஓடுது. கீழ்வெட்டு கொயானா வளைவுல ஆரம்பிச்சு மூக்குத் தரையோரமா முன்னால வரணும். மேல்வெட்டு ஸ்பீனாய்டு துளை மட்டத்துல ஆரம்பிச்சு, செப்டத்தோட உச்சியிலேருந்து 1–2 செ.மீ. கீழேயே வரணும். அதுக்கு மேல போனீங்கன்னா வாசனைத் தோலையும் சேர்த்து உரிச்சுடுவீங்க. முன்வெட்டு தோலும் சளிச்சவ்வும் சேருற இடத்துக்குச் சற்றுப் பின்னால. வெட்டு மூணும் முழுசா முடிஞ்சப்புறம் தூக்குங்க. ஒரு ஓரம் ஒட்டிக்கிட்டிருக்கறப்ப இழுத்தாத்தான் கிழியும்.

எந்தப் பக்கம்? செப்டத்துல முள்ளு மாதிரி ஸ்பர் இருக்கற பக்கம் சவ்வு மெலிஞ்சு ஓட்டையாகும், அதைத் தவிருங்க. ரெண்டு பக்கமும் சமம்னா, இந்தக் கேஸ்ல வலது கேனாலைத் திறக்கணும், வலப்பக்கம் பக்கவாட்டுல இடம் தேவைப்படும், அதனால இடது ஃபிளாப். எடுத்ததும் முறுக்கு விழாம நேசோஃபேரிங்ஸ்ல (மூக்குக்குப் பின்னால உள்ள மேல்தொண்டை) தள்ளி வையுங்க. கிளைவஸை (செல்லாவுக்குப் பின்கீழ உள்ள எலும்பு) துளைக்கப் போறதில்லங்கறதால அங்க பத்திரமா இருக்கும். ஒரே கவலை, மறந்துபோய் அது மேல டிரில் தண்டை உரசறது.

ஸ்பீனாய்டு உள்ள போனதும் தடுப்புகளை முறுக்கிப் பிடுங்காதீங்க. நிறைய பேருக்கு அது நேரா கரோட்டிட் மேல போய்த்தான் உட்கார்ந்திருக்கும். டிரில் பண்ணியே இறக்கணும். சளிச்சவ்வு முழுசா எடுத்துடணும். ஃபிளாப்புக்கு அடியில சவ்வு ஒரு திட்டு மிச்சமிருந்தாலும் அந்த இடத்துல ஒட்டாது, பின்னால மியூகோசீலும் (சளி தேங்கின பை) வரும்.

எலும்பு: 3 மி.மீ. டைமண்ட் பர் (டிரில் நுனி), முட்டை ஓடு அளவுக்கு மெலிய வெச்சு, 1 மி.மீ. கெர்ரிசன் (எலும்பைக் கடிச்செடுக்கற கருவி). செல்லாவோட மேல்பாதி, டியூபர்குலம், அப்புறம் பிளேனம். பிளேனத்தைக் கட்டி எவ்வளவு தூரம் போயிருக்கோ அவ்வளவு மட்டும் எடுங்க. வாசனை நரம்புகள் வர்ற கிரிப்ரிஃபார்ம் தட்டை நோக்கிப் போகப் போக வாசனை போகும். பக்கவாட்டுல கரோட்டிட்டும் கேனாலும் உள்பக்கமா சேருற மூலை, அதாவது மீடியல் ஆப்டிகோகரோட்டிட் ரிசெஸ், அதைத் திறக்காம விட்டா கட்டியோட ஓரம் கையில கிடைக்காது. பயந்து எலும்பைக் கம்மியா எடுக்கறதுதான் கத்துக்கறவங்க பண்ற முதல் தப்பு. வாசல் சின்னதாயிட்டா உள்ள இழுத்துப் பறிக்க வேண்டியதாயிடும்.

கட்டிக்கு ரத்தம் கொடுக்கற போஸ்டீரியர் எத்மாய்டல் கிளைகளும் டூராக் கிளைகளும் இந்தக் கட்டத்துலயே கருகிடும். அதனால டூராவைத் திறக்கறப்போ கட்டி வெளுத்துப் போயிருக்கும். டூராவை மேல ஒரு வெட்டு, கீழ செல்லாப் பக்கம் ஒரு வெட்டு, நடுவுல சுப்பீரியர் இன்டர்கேவர்னஸ் சைனஸ்ங்கற சிரை. ரெண்டு பக்கமும் பைபோலார் (மின்சாரத்துல கருக்கற இடுக்கி) நுனியை உள்ள விட்டுக் கருக்கிட்டு நறுக்குங்க. திறக்கறதுக்கு முன்னாடி டாப்ளர் வெச்சு ரெண்டு கரோட்டிட்டையும் கேட்டுக்கணும், நேவிகேஷனை (படத்தை வெச்சு இடம் காட்டற கருவி) மட்டும் நம்பக் கூடாது.

மூடறது: முதல் அடுக்கு கொலாஜன் ஷீட், டூரா ஓட்டையை விட எல்லாப் பக்கமும் 5 மி.மீ. பெருசா, டூராவுக்கு உள்பக்கம். அடுத்து ஃபேஸியா லேட்டா. அப்புறம் ஃபிளாப். ஃபிளாப்போட ஓரம் சுத்திலும் வெறும் எலும்பைத் தொடணும். ஃபேஸியா மேல மட்டும் உட்கார்ந்தா ஒட்டாது. ஸ்பீனாய்டு ஆழமா இருந்தா ஃபிளாப் பின்சுவர் குழியில இறங்கி ஏறி நீளத்தை வீணாக்கிடும், பிளேனம் முன்னோரத்துக்கு எட்டாது. கிளைவல் குழியில கொழுப்பு வெச்சு நிரப்பிட்டா நேரா போய்ச் சேரும். சளிச்சவ்வுப் பக்கம் மூக்கைப் பார்த்து இருக்கான்னு ரெண்டு தடவை பாருங்க. திருப்பி வெச்சுட்டா ஒட்டவே ஒட்டாது. சிரிக்காதீங்க, ரத்தம் தோய்ஞ்சு சுருண்டு கிடக்கறப்போ ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தெரியும். பளபளப்பு எந்தப் பக்கம்னு சலைன் ஊத்திப் பார்த்தாத்தான் தெரியும்.

ஓரத்துல ஆக்ஸிடைஸ்டு செல்லுலோஸ், மேல ஜெல்ஃபோம் (ரெண்டும் தானா கரையற பொருள்), அப்புறம் தாங்கலுக்கு ஃபோலி பலூன் அல்லது பேக். பலூனை எண்டோஸ்கோப்ல பார்த்துக்கிட்டே சலைன் விடுங்க. ஃபிளாப்பைத் தாங்கினா போதும், அமுக்கக் கூடாது. அமுக்கினா காம்புல ரத்தம் நிக்கும், கயாஸ்மாவும் நசுங்கும்.

லம்பார் டிரெயின் (முதுகுலேருந்து மூளைத்தண்டுவட நீரை வடிக்கற குழாய்) பத்தி எப்பவும் சண்டை உண்டு. 170 பேரை வெச்சுச் செஞ்ச ரேண்டம் ஆய்வுல, 1 ச.செ.மீ.க்கு மேல டூரா திறந்தவங்க மாதிரி கசிவு அபாயம் கூடினவங்கதான் இருந்தாங்க, டிரெயின் வெச்சவங்களுக்கு 8.2 சதவீதமும் வைக்காதவங்களுக்கு 21.2 சதவீதமும் கசிஞ்சுது. மணிக்கு 10 மி.லி., 72 மணி நேரம். அதே ஆய்வுல கசிஞ்சவங்களோட ஓட்டை சராசரி 6.2 ச.செ.மீ., கசியாதவங்களுக்கு 2.9. டியூபர்குலத்துல திறப்பு 2-க்கு 2 செ.மீ.ன்னா நடுவுல வருது. உடல் பருமன் இருந்தா, மூணாவது வென்ட்ரிக்கிள் (மூளை நடுவுல உள்ள நீரறை) திறந்துட்டா, நான் வெச்சுடுவேன்.

டெரியான்_பக்தன்:

மேலே இருவரும் எழுதியதில் பிழை இல்லை. ஆனால் படிப்பவர்களுக்கு மூக்கு வழி ‘சிறிய அறுவை’ என்ற எண்ணம் வந்துவிடும். தோலில் தழும்பு இல்லை என்பது உண்மை. செப்டத்தின் பின்பகுதி போகிறது, பல நேரம் ஒரு பக்க நடு டர்பினேட்டும் (மூக்கின் பக்கச்சுவர் மடிப்பு) போகிறது, மூன்று நான்கு மாதம் மூக்கில் பொருக்கு கட்டுகிறது, ஒரு கசிவு வந்தால் மெனிஞ்சைட்டிஸ் (மூளையுறை அழற்சி) வரை போகிறது. டெரியோனலில் கசிவு அபாயம் இதைவிடத் தெளிவாகக் குறைவு.

எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு வருகிறேன். பதில் ‘பார்வை மோசமான பக்கம்’ என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். காரணத்தோடு யோசித்தால் அவ்வளவு எளிதில்லை. வலது டெரியோனலில் உள்ளே போனால் வலது பார்வை நரம்பின் மேற்புறமும் வெளிப்புறமும் தெரியும், அதன் அடிப்பகுதி குருட்டுப் பகுதி. அதே நேரம் எதிர்ப்பக்க இடது நரம்பின் அடிப்பகுதியும் உட்புறமும் கயாஸ்மாவுக்கு முன்னால் உள்ள சந்து வழியாக நன்றாகத் தெரியும். இந்தக் கேஸில் கட்டி நுழைந்திருப்பது வலது கேனாலின் உள்-கீழ்ப்பக்கம். அதாவது வலது டெரியோனலின் குருட்டுப் பகுதியில் சரியாக உட்கார்ந்திருக்கிறது.

அதனால் தேர்வு இரண்டு. ஒன்று, வலப்பக்கமே போய் டூராவுக்கு வெளியே கேனால் கூரையைத் திறந்து, முன் கிளினாய்டை எடுத்து, நரம்பைத் தளர்த்திவிட்டு, பின் அடிப்பக்கத்துக்கு 30 டிகிரி எண்டோஸ்கோப்பை உதவிக்கு எடுப்பது. இரண்டு, இடப்பக்கம் போய் வலது நரம்பின் உள்-கீழ்ப்பக்கத்தை நேராகப் பார்ப்பது. இரண்டாவதில் கட்டியை எடுப்பது சுலபம், ஆனால் நல்ல கண்ணின் நரம்பைத் தாண்டிப் போகிறீர்கள், வலது கேனால் கூரையை முழுதாகத் திறப்பதும் கடினம். 5 மி.மீ. நுழைவு, வலக்கண் 6/36 என்றால் நான் முதலாவதைத் தேர்வேன். நசுங்கிய நரம்பைக் கட்டியைத் தொடும் முன்பே விடுவித்துவிடலாம் என்பதே காரணம்.

படிகளில் தவறு நடக்கும் இடங்கள் மட்டும். தலையை எதிர்ப்பக்கம் 30 டிகிரி திருப்பி, கன்ன எலும்பு மேடு உச்சியில் வரும்படி பின்னால் சாய்க்க வேண்டும். அப்போது முன்மடல் தன் எடையில் விலகிவிடும், ரிட்ராக்டர் தேவைப்படாது. டெம்போராலிஸ் தசை மேலுள்ள கொழுப்புத் திட்டை ஃபேஸியா அடுக்குகளுக்கு நடுவே பிரித்துத் தோலோடு முன்னால் தள்ளுங்கள், முக நரம்பின் நெற்றிக் கிளை அதில் இருக்கிறது. ஸ்பீனாய்டு விளிம்பைச் சுப்பீரியர் ஆர்பிட்டல் ஃபிஷர் (கண்குழியின் பின்பிளவு) வரை சமன்படுத்த வேண்டும். கரோட்டிட் சிஸ்டர்னை (கரோட்டிட்டைச் சுற்றிய நீரறை) திறந்து நீர் வெளியேறிய பின்பே அடுத்த வேலை.

கேனால் கூரை சுமார் 1 செ.மீ. நீளம். அதன் மேல் டைமண்ட் பர் ஓடும்போது உண்டாகும் சூடுதான் நரம்பைக் கொல்கிறது, பர் நுனி அல்ல. உதவியாளர் குளிர்ந்த சலைனை நிற்காமல் ஊற்ற வேண்டும், நீங்கள் சில நொடிகளுக்கு ஒரு முறை பர்ரைத் தூக்க வேண்டும். எலும்பு தாள் போல் ஆனதும் டிரில் போதும், நுண் டிசெக்டரால் பெயர்த்தெடுங்கள். கெர்ரிசன் அடிப்பாதத்தை நெருக்கமான கேனாலுக்குள் நுழைக்கவே கூடாது, அந்தப் பாதத்தின் தடிமனே நரம்பை நசுக்கும். பிறகு கேனால் வாயில் நரம்பின் மேலுள்ள ஃபால்சிஃபார்ம் டூரா மடிப்பை வெட்டி, நரம்பு உறையை மேற்பக்கமாக நீளவாக்கில் திறக்கலாம். கண்ணுக்குப் போகும் ஆஃப்தால்மிக் தமனி கீழே இருப்பதால் மேற்பக்கம் பாதுகாப்பானது.

கிளினாய்டு அல்லது ஆப்டிக் ஸ்ட்ரட் (கிளினாய்டைத் தாங்கும் எலும்புத் தண்டு) காற்றடைந்திருந்தால் அந்தத் துளை நேரே ஸ்பீனாய்டுக்குள் போகிறது. தசைத் துண்டும் ஃபைப்ரின் பசையும் வைத்து அடைக்காவிட்டால் மேல்வழியிலும் மூக்கில் நீர் ஒழுகும். ‘டெரியோனலில் கசிவு வராது’ என்று நம்பி அதைத் தேடாமல் விடுவதுதான் தாமதத்துக்குக் காரணம்.

புருவ வெட்டு வழி பற்றி ஒரு சொல். நடுத்தர அளவுக் கட்டிக்கு நல்லது. ஃபிரன்டல் சைனஸ் வெளிப்பக்கம் வரை பரந்திருந்தால் வேண்டாம். எலும்புத் துண்டு 2.5–3 செ.மீ. அகலம்தான், ஆகவே ஆர்பிட் (கண்குழி) கூரையின் மேடுகளை உள்பக்கம் சமன்படுத்தாவிட்டால் நுண்ணோக்கியின் கோணமே கிடைக்காது. தன்பக்க நரம்பின் அடியில் குருட்டுப் பகுதி இதிலும் உண்டு.

எம்சிஎச்_மூன்றாமாண்டு:

மிகவும் நன்றி. குருட்டுப் பகுதி விளக்கத்தைப் படம் வரைந்து பார்த்தேன், இப்போதுதான் புரிகிறது. இரண்டு துணைக் கேள்விகள். மூக்கு வழியில் கேனாலைத் திறக்கும்போது ஆஃப்தால்மிக் தமனி நம் பக்கம்தானே இருக்கும்? கரோட்டிட் கிழிந்தால் முதல் நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்?

கீஹோல்:

சரியான சந்தேகம். தமனி கேனாலுக்குள் நரம்பின் கீழே இருக்கிறது, முன்னே போகப் போக வெளிப்பக்கம் ஒதுங்கும். கீழிருந்து வருபவர் உறையை நேர் அடியில் வெட்டினால் தமனி மேல்தான் கத்தி விழும். அதனால் எலும்பை உள்பக்கமும் கீழ்ப்பக்கமும் எடுத்தாலும், உறையை வெட்டுவது உள்-மேல் பக்கமாக. செல்லா டூராவிலிருந்து தொடங்கி, கத்தியின் முனை வெளிநோக்கி, மெல்லிய வளைந்த கத்தரியால் கேனால் வரை நீட்டுவது வழக்கம். உள்ளே போன பின் கட்டியை அதன் நடுவிலிருந்து குடைந்து சுருக்கி, பிறகு ஓரங்களை அரக்னாய்டு தளத்தில் கூர்மையாக வெட்டிப் பிரியுங்கள். இழுக்கக் கூடாது. முன் கம்யூனிகேட்டிங் தமனி இருக்கும் மேல்-பின் மூலை எப்போதும் கடைசியில்தான். அந்த இடத்தில் ஒரு ஒட்டுதல் பிரிய மறுத்தால் தகடு போல் விட்டுவிடுங்கள். விடும்போது ஒரு கணக்கு வேண்டும்: மிச்சம் தமனி மேல் இருக்கலாம், பார்வை நரம்பு மேல் இருக்கக் கூடாது. ஒரே தவணைக் கதிர் அறுவையில் பார்வை நரம்புக்கு 8–10 கிரேக்குள் (கிரே கதிர் அளவின் அலகு) வைக்க வேண்டும், மெனிஞ்சியோமாவின் விளிம்புக்கு 12–14 கிரே தேவை. நரம்புக்கும் மிச்சத்துக்கும் நடுவே 2–3 மி.மீ. இடைவெளி விட்டிருந்தால்தான் பிற்பாடு அது சாத்தியம்.

சைனஸ்காரன்:

கரோட்டிட் பத்தி: ரெண்டு பேர் நாலு கை முறையில பண்ணினா மட்டும்தான் சமாளிக்க முடியும். பெரிய உறிஞ்சுகுழாய், 10–12 ஃபிரெஞ்சு (குழாய்த் தடிமன் அளவு), ரெண்டு. ஒருத்தர் ரத்தத்தை எண்டோஸ்கோப் இல்லாத பக்க மூக்குக்குத் திருப்பி லென்ஸைக் காப்பாத்தணும், இன்னொருத்தர் ஓட்டையைத் தேடணும். பஞ்சு வெச்சு அமுக்கி வேகத்தைக் குறைச்சுட்டு, நசுக்கிய தசைத் துண்டை ஓட்டை மேல நேரா வெச்சுப் பிடிங்க. ஆட்டு மாதிரியில வேலன்டைன், வோர்மால்ட் செஞ்ச வேலையில நசுக்கிய தசைதான் நல்லா நின்னுச்சு. தசை தொடையிலேருந்தே வரும், அதுக்கும் சேர்த்துத்தான் தொடையை முன்னாடியே தயார் பண்ணச் சொன்னேன். பி.பி.யை இறக்கச் சொல்லி மயக்க மருத்துவர்கிட்ட கத்தாதீங்க. எதிர்ப்பக்கத்துலேருந்து மூளைக்குப் போற ரத்தமும் சேர்ந்து இறங்கிடும். ரத்தம் நின்னதும் கட்டியை மறந்துட்டு நேரா ஆஞ்சியோ. சூடோ அனியூரிசம் (கிழிஞ்ச தமனிச் சுவர்ல வர்ற ரத்தப் புடைப்பு) நாள் கழிச்சும் வரும், அதனால முதல் படம் சுத்தமா இருந்தாலும் திரும்ப எடுக்கணும்.

இரவுப்பணி_ஐசியு:

அறுவைக்குப் பின் நடப்பதை யாரும் எழுதவில்லை, சுருக்கமாகச் சேர்க்கிறேன்.

மூக்கு வழிக் கேஸுக்கு வாசலில் எழுதி ஒட்டுங்கள்: சிபாப் (முகமூடி வழி தொடர் அழுத்தக் காற்று) கூடாது, முகமூடி வைத்து அம்பு பை அழுத்தக் கூடாது, மூக்கு வழி டியூப் கூடாது. அழுத்தக் காற்று புது ஃபிளாப்பைத் தூக்கி மண்டைக்குள் போய் டென்ஷன் நியூமோகெஃபலஸ் (மூளையை நசுக்கும் காற்றுத் தேக்கம்) ஆகிவிடும். தலை 30 டிகிரி உயரம். மலமிளக்கி முதல் நாளிலிருந்து. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மச் சொல்லுங்கள்.

பார்வையை மணிக்கு ஒரு தடவை, ஒவ்வொரு கண்ணாக, விரல் எண்ணச் சொல்லிப் பாருங்கள். விழித்தபோது நன்றாகத் தெரிந்த கண் இரண்டு மணி நேரம் கழித்து மங்கினால், பலூன் இருக்கும் நோயாளிக்கு அறுவைக் குழுவை அழைத்துக்கொண்டே முதலில் பலூன் நீரை இறக்குவதைக் கேளுங்கள், சி.டி. அதற்குப் பின். மற்றவர்களுக்கு நேரே சி.டி. பி.பி. தாழ விடக் கூடாது. பார்வை நரம்பின் நுண்தமனிகள் அந்த நேரத்தில் எதையும் தாங்கும் நிலையில் இல்லை.

சிறுநீர் தொடர்ந்து இரண்டு மூன்று மணி நேரம் மணிக்கு 250 மி.லி.க்கு மேல், அடர்த்தி 1.005-க்குக் கீழ், சோடியம் 145-க்கு மேல் என்றால் டெஸ்மோபிரெசின் (சிறுநீரைக் குறைக்கும் மருந்து) பற்றிப் பேசுங்கள். மணிக்கு 250 மட்டும் இருந்து சோடியம் இயல்பாக இருந்தால் அறுவையின்போது ஏற்றிய திரவமும் மேனிட்டாலும் (மூளை வீக்கம் குறைக்கும் மருந்து) வெளியேறிக்கொண்டிருக்கலாம். காலைக் கார்ட்டிசால் (பிட்யூட்டரி தூண்டுவதால் சுரக்கும் ஹார்மோன்) பார்க்க வேண்டும். நான்காம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை சோடியம் திடீரென இறங்கும் காலம். பெரும்பாலும் வீட்டுக்குப் போன பிறகு தலைவலி, குமட்டல் என்று திரும்பி வருவார்கள். டிஸ்சார்ஜ் தாளில் ஏழாம் நாள் சோடியம் என்று எழுதிவிடுவது உத்தமம்.

டெரியோனல் கேஸில் கவலை வேறு: வலிப்பு, முன்மடல் வீக்கம், கண் திறக்க முடியாத அளவு இமை வீக்கம். கடைசியாகச் சொன்னதால் பார்வையைச் சோதிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இமையை விரலால் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

மூக்கிலிருந்து நீர் சொட்டினால் சளியா மூளைத்தண்டுவட நீரா என்று விவாதிக்காமல் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் (மூளைத்தண்டுவட நீரைக் காட்டிக்கொடுக்கும் புரதம்) சோதனைக்கு அனுப்புங்கள். நோயாளியை ஐந்து நிமிடம் முன்னால் குனிந்து உட்கார வைத்து, சொட்டுவதைச் சின்னக் குப்பியில் பிடித்தால் மாதிரி கிடைத்துவிடும்.

சைனஸ்காரன்:

குனிய வெச்சுப் பிடிக்கறது சரி, ஒண்ணு சேர்த்துக்கறேன். பேக் எடுக்கற நாள்ல கொஞ்சம் தண்ணி மாதிரி வந்தாலே பதறாதீங்க, ஜெல்ஃபோம் கரைஞ்சதும் அப்படித்தான் இருக்கும். ஆனா டெஸ்ட் பாசிட்டிவ்னா டிரெயினை வெச்சுட்டு ஒரு வாரம் காத்திருக்கறதை நான் ஆதரிக்கமாட்டேன். அன்னிக்கோ மறுநாளோ உள்ள போய்ப் பாருங்க. அதிகமா கிடைக்கற காரணம் ஃபிளாப்போட ஒரு ஓரம் நழுவி எலும்பு விளிம்பு ரெண்டு மி.மீ. வெளிய தெரியறதுதான். நகர்த்தி வெச்சு, அடியில ஒரு துண்டு கொழுப்பைச் சொருகிட்டா வேலை முடிஞ்சுது. ஒரு வாரம் விட்டா ஃபிளாப் சுருங்கிடும், அப்புறம் நகர்த்த நீளமே இருக்காது.

சேர்ந்தாப்புல, 48 மணி நேரத்துக்குள்ள எடுக்கற எம்.ஆர்.ஐ.யில ஃபிளாப் கான்ட்ராஸ்ட் பிடிச்சிருக்கான்னு ரிப்போர்ட்ல எழுதச் சொல்லிக் கேளுங்க. மிச்சக் கட்டியை மட்டும் தேடிட்டுப் படத்தை மூடிடறாங்க. பிடிக்கலைன்னா காம்பு முறுக்கிடுச்சுன்னு அர்த்தமாயிருக்கலாம், கசிவு வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம்.